வீட்டுக்காரருக்குத்தான் சர்க்கரை

சக்கரமே இல்லாத அந்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்காரர் சென்னியப்பன் மிதிக்க ஆரம்பித்ததுமே சுலோச்சனாவுக்கு அலுத்துவிட்டது. "நல்லாப் போவுது புள்ள, வெண்ணெயாட்டம்," என்றார், எங்கேயோ போய்ச் சேரப்போகிறவர் மாதிரி முன்னால் குனிந்துகொண்டு. போகட்டும். பெருந்துறை ரோட்டு உடற்பயிற்சி மிஷின் கடைக்குள் உட்கார்ந்தபடியே பெருந்துறை வரைக்கும் போய்விட்டு வரட்டும். அவர் முழங்கால் மடங்குகிறது, நீளுகிறது, சத்தம்கூட இல்லை. அறுபதை நெருங்கும் மனுசன், ஒரு நாள் தைலம் என்று கேட்டதில்லை. வலி அவளுக்கு. மிஷினும் அவளுக்கு. ஆனால் காரை நிறுத்தும்போதே பேசிவைத்துக்கொண்டாகிவிட்டது, கடையில் யார் கேட்டாலும் அவருக்குத்தான், சர்க்கரைக்கு. அவள் சொன்ன யோசனைதான். சர்க்கரை என்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, ஈரோட்டில் சர்க்கரை இல்லாத ஆளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். கல்யாண மண்டபத்தில் சம்பந்திகள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைப் பேரைச் சொல்லிச் சொல்லியே நெருங்கிப் போவார்கள். மூட்டு அப்படி இல்லை. முடக்குவாதம் என்று ஒருத்தர் வாயில் வந்தால் போதும், அடுத்த கேள்வி, அப்போ பொண்ணுக்கு? அந்தக் கேள்வி வரக்கூடாது. மகள் கவிப்பிரியாவைப் பார்த்துவிட்டுப் போன காங்கேயத்துக்காரர்கள் வருகிற புதன்கிழமை உறுதி பேச வருகிறார்கள். அதுவரைக்கும், அதுவரைக்கும் எங்கே, கழுத்தில் தாலி ஏறும்வரைக்கும் சுலோச்சனா நன்றாக இருக்கிறாள். கைப்பையை விரலில் பிடிக்காமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு, நகை போட்டவர்கள் நிற்பதுபோல் ஒரு தோரணையாக நிற்கிறாள்.

கடைப் பையன் என்று சொல்ல முடியாது, நாற்பது வயது இருக்கும், கழுத்தில் டை, சட்டையில் ஜெரால்டு என்று பேர் குத்தியிருந்தது. அவர் பேசுவதெல்லாம் சென்னியப்பனிடம். "சார் ஒசரத்துக்கு சீட்ட இன்னும் ரெண்டு ஓட்டை ஏத்தோணுங்க சார்," என்று குனிந்து எதையோ தளர்த்தி ஏற்றினார். சார் ஒசரத்துக்கு. அந்த சீட்டில் அவள் ஏறுவதென்றால் ஏணிதான் வேண்டும். தரை சில்லென்று இருந்தது, ஏசிக் காற்று குதிகால் வழியாகத்தான் உள்ளே போகிறதோ என்னவோ. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எல்லோரும் செருப்போடுதான் நடமாடுகிறார்கள். ஆனால் கனமான கறுப்பு ரப்பர் வைத்த அந்த எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும், ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தால்தான் அதைப் போடுவார்கள், ஆசைப்பட்டு யார் போடுவார்கள். கதவுக்கு மேல் லட்சுமி படம் இருந்தது, கும்பிடுகிற சாக்கில் கழற்றிவிட்டாள். இப்போது ஒவ்வொரு கால்விரலின் அடியிலும் ஒரு கூழாங்கல். நின்றால் வலிக்கிறது, உட்கார்ந்தால் எழும்போது வலிக்கும், அதனால் நின்றாள். மணி பதினொன்று. இது அவளுடைய நல்ல நேரம், பஞ்சாங்கத்தில் போடாத நல்ல நேரம், காலையில் கட்டையாய்க் கிடந்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமாய் இளகி ஆளாகி நிற்கிற நேரம். அதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. பதினோரு மணி உடம்பு வந்து ஆறு மணி உடம்புக்கு மிஷின் பார்க்கிறது. ஆறு மணி உடம்பைக் கூட்டிக்கொண்டு வர முடியாது, அது கட்டிலிலிருந்து இறங்கி அடுக்களை போய்ச் சேர்வதே பெரும்பாடு.

குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, சும்மாவும் இருக்கக் கூடாதுங்கம்மா என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாவதுதான் கஷ்டம். சும்மா இருந்தால் மூட்டைச் சுற்றியிருக்கிற சதை வற்றிவிடும், அப்புறம் மூட்டு தனியாக நின்று பாரம் தாங்கும், அதனால் அடியில் இடிக்காமல் தினமும் ஆட்டிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பயிற்சி நிலையம் இருக்கிறது, நல்ல பொண்ணுதான் பார்க்கிறது, முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அமுக்குங்கம்மா, விடுங்கம்மா என்று பொறுமையாகச் சொல்லும். ஆனால் அது இருப்பது நகைக்கடைக்கு எதிர் மாடி. ஊரில் கல்யாணம் வைத்த குடும்பமெல்லாம் அந்தப் படிக்கட்டைப் பார்த்துத்தான் தங்கம் எடுக்கப் போகிறது. இரண்டாம் தடவை போனபோது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள், கீழே கல்யாணத் தரகரின் பெண்டாட்டி நின்றிருந்தது. "என்னுங்கக்கா, மேல யாரப் பாக்கப் போனீங்க?" ஒன்றும் இல்லாத கேள்வி. தெரிஞ்சவங்களப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி மூன்று படியைச் சாதாரணமாக இறங்கிக் காட்டினாள். சாதாரணமாக. அந்த மூன்று படிக்கு ராத்திரி முழுக்க ஈடு கொடுத்தாள். அடுத்த வாரமே தாராபுரத்து ஜாதகம் பொருந்தவில்லை என்று வந்துவிட்டது. ஏழு பொருத்தம் இருக்கிறது என்று அவர்களே சொன்ன ஜாதகம். அந்தம்மா சொல்லித்தான் நின்றதா, சொல்லாமலேதான் நின்றதா, யாரைப் போய்க் கேட்பது. அதற்குப் பிறகு படியேறவில்லை. வீட்டிலேயே ஒரு மிஷின் வாங்கிவிடலாம் என்று சென்னியப்பன்தான் சொன்னார், சொன்னபோது அவர் குரலில் இருந்தது பாசமா பயமா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்கிற தெம்பு எங்கே இருக்கிறது. எதைச் செய்தாலும் அதைச் செய்ததுபோல் காட்டாமல் இருப்பதற்கு இன்னொரு பங்கு தெம்பு வேண்டியிருக்கிறது.

கதவு திறந்தது. திரும்பிப் பார்த்தாள். தெரியாத ஆள். கதவு திறக்கும்போதெல்லாம் கழுத்து திரும்புகிறது, கழுத்தும் வலிக்கிறது. "இதப் பாருங்க சார், இதும் பாத்துர்லாம்," என்று ஜெரால்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். ஓடுகிற பட்டை ஒன்று, அதன்மேல் சென்னியப்பனுக்கு ஆசை, தொலைக்காட்சியில் பார்த்தது. அடி ஒவ்வொன்றும் தரையில் மோதி முழங்காலுக்கு வரும், வேண்டாம். நின்றுகொண்டே கையையும் காலையும் முன்னும் பின்னும் தள்ளுகிற மிஷின், மோதல் இல்லை, ஆனால் அதில் ஏறி நிற்கவே ஒரு காலில் உடம்பு முழுவதையும் தாங்க வேண்டும், கைப்பிடியை விடாமல் பிடிக்க வேண்டும், வேண்டாம். நாற்காலிக்கு அடியில் வைத்து மிதிக்கிற சின்னப் பெடல், அடக்கமாய் இருக்கிறது, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கலாம், ஆனால் மிதிக்க மிதிக்க முன்னால் நழுவுகிறது, அதை இழுத்துவைக்கக் குனிய வேண்டும். கடைசியில் சுவரோரம் ஒன்று இருந்தது. தாழ்வாக, சாய்மானத்தோடு, நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கலாம், காலைத் தூக்கிப் போடவே வேண்டியதில்லை. பார்த்ததுமே இடுப்பு அதன் பக்கம் சாய்ந்தது. சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, நோயாளி அவரல்லவா. "இது வயசானவங்களுக்காட்ட இருக்குது," என்று சென்னியப்பன் உதட்டைப் பிதுக்கிவிட்டார். வேசம் கட்டச் சொன்னால் இப்படியா, மெய்யாகவே தனக்கு வாங்குகிற மாதிரி. பழையபடி முதல் சைக்கிளுக்கே வந்தார். "இதான் கெட்டி. இரும்பு. பாரம் எச்சு வேணும்னா இத திருகினாப் போதும்," என்று கைப்பிடிக்குக் கீழே இருந்த கறுப்புத் திருகை இரண்டு விரலால் சுழற்றினார். கடக் கடக்கென்று நகர்ந்தது. அவர் விரல் அதைச் சுழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சுலபம். ஆறு மணிக்கு அவளால் அடுப்புத் திருகை அமுக்கித் திருப்ப முடியாது, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துத்தான் திருப்புவாள், குளியலறைக் குழாயை முழங்கையால் தட்டுவாள், பால் பாக்கெட்டைப் பல்லால் கடிப்பாள். இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் எழுந்துவிடுவதே அதற்காகத்தான். சுறுசுறுப்பு என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

அவளுடைய அம்மாவும் இப்படித்தான் இருந்தாள். சுலோச்சனா கல்யாணத்தில் அம்மா இரண்டு கையையும் பட்டுப்புடவை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் சந்தனம் எடுத்துக் கொடுக்கவில்லை, தட்டுத் தூக்கவில்லை, எல்லாம் சின்னம்மாதான் செய்தது. பொண்ணோட அம்மா என்ன அடக்கம், என்ன கம்பீரம் என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டார்கள். கை முறுக்கிப்போன வேர்போல இருந்தது முந்தானைக்குள்ளே. சுலோச்சனாவுக்குத் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும், சென்னியப்பனுக்கு மட்டும் தெரியாது. கல்யாணம் முடிந்து அம்மாவைப் பார்க்க முதல் தடவை விருந்துக்குப் போனபோது தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை அவர். வருசக்கணக்காக ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு விரல் வீங்கி ஆசாரி வந்து கல்யாண மோதிரத்தை வெட்டி எடுத்தபோதும் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள், எதற்கோ சண்டை, எதற்கென்றுகூட மறந்துவிட்டது, "உங்கம்மா அன்னைக்கு மூடி வெச்சதத்தான்..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான். மூடி வைத்ததைத்தான் என்ன? மூடி வைத்ததைத்தான் இன்னைக்கு நான் அனுபவிக்கிறேன். மூடி வைத்ததைத்தான் நீயும் மூடி வைக்கிறாய். மூடி வைத்ததைத்தான் நான் மன்னித்துவிட்டேனே. எதைப் போட்டாலும் பொருந்துகிறது. பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, இதோ இந்தச் சில்லென்ற தரையில் நிற்கும்போது அந்தப் பாதி வாக்கியம் வந்து நிற்கும், மீதியை அவளே போட்டுக்கொள்வாள். இன்னொரு மாப்பிள்ளை, காங்கேயத்துப் பையன், நல்ல முகம், ஒரு நாள் எங்கேயோ ஒரு வீட்டில் கவியைப் பார்த்து அதே பாதி வாக்கியத்தை ஆரம்பிப்பானோ. உங்கம்மா அன்னைக்கு.

இல்லை. கவிக்கு ஏன் வரப்போகிறது. டாக்டரிடம் கேட்டாள், எத்தனையோ தடவை கேட்க வாயெடுத்து ஒரு தடவை கேட்டேவிட்டாள். வரலாம், ஆனா வரணும்னு இல்லைங்கம்மா என்றார். வரணும்னு இல்லை. அந்தப் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், முன்பாதியை ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே விட்டுவிட்டாள். வரணும்னு இல்லை, வரணும்னு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து அப்பாவிடம் நீட்டியது கவி. "தொறந்து குடுங்கப்பா." சின்னப் பிள்ளையிலிருந்தே செல்லம், அப்பாவை வேலை வாங்குவதில் ஒரு சந்தோசம். அப்படித்தான். தோசை ஊற்றும்போது கரண்டியை இடது கையில் பிடித்திருந்தது. புதுசாக ஏதாவது செய்து பார்ப்பதுதானே அதன் குணம். காலையில் எழுந்ததும் வெந்நீர் டம்ளரைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு சன்னலோரம் நிற்கிறது, வெகு நேரம் நிற்கிறது. குளிர் காலம். ஈரோட்டில் என்ன குளிர். சுலோச்சனா ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒவ்வொன்றாகப் பார்க்காமல் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டால்தானே பார்க்காதது, இவள் திறந்துகொண்டே பார்க்காமல் இருந்தாள், அது எவ்வளவு அசதியான வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கைப்பைக்குள் போன் அடித்தது. ஜிப்பை இழுக்க முடியவில்லை, பையை மார்போடு அணைத்து உள்ளங்கையால் தள்ளித்தான் திறந்தாள். கவிதான், ஆபீசிலிருந்து. "என்னம்மா, வாங்கிட்டீங்களா?" "பாத்துட்டு இருக்கறோம் சாமி. அப்பா சைக்கிள் ஒண்ணு பாத்து வெச்சிருக்கறாரு, இரும்பு, கெட்டியா இருக்குதாம்." "நீ உக்காந்து பாத்தியா?" "அப்பா பாத்துட்டாரு." மறுபக்கம் ஒரு பெருமூச்சு. அம்மாவின் சாயல் பெருமூச்சில்கூட வருமா. "அம்மா, பாரத்த எதுல கூட்டறது, திருகா, பட்டனா?" "திருகுதான் கண்ணு, கைப்பிடிக்குக் கீழ." "திருகு வேண்டாம்மா. பட்டன் வெச்சதா இருந்தா வாங்கு. காத்தால எந்திரிச்சதும் அதத் திருக முடியாது, ரெண்டு உள்ளங்கையையும் வெச்சுத் திருப்பினாலும் வழுக்கும்." சுலோச்சனா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கடையில் யாரோ சிரித்தார்கள். ரெண்டு உள்ளங்கையையும் வெச்சு. யார் சொன்னது இதற்கு, எல்லோரும் எழுவதற்கு முன்னாலேயே எழுந்து செய்கிற வேலை அது, அடுக்களை விளக்கைக்கூடப் போடமாட்டாளே. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். கேட்டதும் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது. போனுக்குள்ளே ஆபீசில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. "உனக்குத்தாம்மா சொல்றன்," என்றது கவி. "உனக்குத்தான். வெக்கறம்மா, மேனேஜர் கூப்படறாரு." அது பொய் சொன்ன குரல் சுலோச்சனாவுக்குத் தெரியும். தெரிஞ்சவங்களப் பார்க்க வந்தேன் என்று படிக்கட்டில் அவள் சொன்ன குரல். வலிக்காத மாதிரி கடைசி மூன்று படியை இறங்குகிற குரல்.

போனைப் பைக்குள் போடவில்லை, பிடித்தபடியே நின்றாள். எத்தனை மாதமாக. தனியாக. ஒரே வீட்டில் ஒரே அடுக்களையில் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஒளித்துக்கொண்டு, அம்மாவிடமிருந்து பொண்ணு ஒளிக்கக் கற்றுக்கொண்டது அம்மாவைப் பார்த்துத்தான். அழுகை வந்தது, ஏசி போட்ட கடையில் டை கட்டிய ஆளுக்கு முன்னால் அழக் கூச்சமாயிருந்தது, வந்ததை உள்ளே தள்ளினாள். கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, முந்தானைக்குள் கையை விட்டுக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்த அம்மாமேல் கொஞ்சம், காங்கேயத்துக்காரர்கள்மேல் கொஞ்சம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல். கவியை வெந்நீர் டம்ளரோடு சன்னலோரம் நிற்க வைத்துவிட்டு இவள் இங்கே வந்து புருசனை மிதிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். காங்கேயம் போனால் போகட்டும். போனால் போகட்டும் என்று சொல்வது சுலபம், நல்ல பையன், கவிக்குப் பிடித்திருக்கிறது, போனில் பேசும்போது சிரிக்கிறது, போனால் தாங்காது. ஆனால் மூடி வைத்துக் கட்டிக்கொடுத்தால் அந்த வீட்டிலும் விடிவதற்கு முன்னால் எழுந்து, விளக்கைப் போடாமல், ஆயுசு முழுக்க. வேண்டாம் சாமி. அது வேண்டவே வேண்டாம்.

"அப்ப இதையே பேக் பண்ணச் சொல்லட்டுங்களா சார்?" என்றார் ஜெரால்டு. சென்னியப்பன் சைக்கிளிலிருந்து இறங்கிக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வேண்டாங்க," என்றாள் சுலோச்சனா. இரண்டு பேரும் திரும்பினார்கள். "அவருக்கு ஒண்ணும் இல்லீங்க. சர்க்கரையும் இல்ல. எனக்குத்தான் முடக்குவாதம், பத்து வருசமா இருக்குது." குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. கதவுப் பக்கம் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டு மறுபடி டம்பெல்லைப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. "ஏம்புள்ள..." என்றார் சென்னியப்பன் தணிந்த குரலில். அவள் சுவரோரம் போய் அந்தச் சாய்மானம் வைத்ததில் பக்கவாட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக உள்ளே கொண்டுவந்தாள். முதுகுக்கு அணை கிடைத்தது. "இதுக்குத் திருகுங்களா, பட்டனுங்களா?" "பட்டன்தாங்க மேடம், தொட்டாப் போதும்." தொட்டாள், ஒரு எண் கூடியது. ஜெரால்டு ஓடிவந்து சீட்டை முன்னால் நகர்த்தி, மிதியில் அவள் பாதத்தை வைக்கச் சொல்லி, முழங்கால் முழுசாக நீளாமல் லேசாக மடங்கியிருக்கிற இடத்தில் நிறுத்தினார். மிதித்தாள். வலித்தது, வழக்கமான வலிதான், புதுசாக ஒன்றும் சேரவில்லை. "உங்களுக்கு இந்த அளவு கரெக்ட்டுங்க மேடம்." "இது இன்னும் எவ்வளவு பின்னால போவும்?" "எதுக்குங்க, உங்க ஒசரத்துக்கு இது போதுங்க." "எனக்கில்லீங்க," என்றாள். "எம் பொண்ணு என்னையவிட ஒசரம்."

சென்னியப்பன் கைக்குட்டையை மடிக்கப் போனவர் மடிக்கவில்லை. கிட்டே வந்து, கடையில் யாரும் இல்லாததுபோல், அவள் கால்மாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கவிக்குமா?" என்றார். "ஆமாங்க." அவர் கை சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "புதங்கெழமை வர்றவங்ககிட்ட நானே சொல்லிப்போடறன். நீங்க பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்," என்றாள். அவர் தலையை ஆட்டினாரா, சும்மா குனிந்தாரா தெரியவில்லை. ஜெரால்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நெம்புகோலைத் தூக்கி சீட்டைப் பின்னால் தள்ளினார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சுலோச்சனா சொல்லிக்கொண்டே இருந்தாள். கவியின் உயரத்துக்கு வந்ததும் போதும் என்றாள். அங்கேயிருந்து அவளுடைய கால் மிதிக்கு எட்டவில்லை.